அக்வாபோனிக்ஸ் தண்ணீரில் எதை முதலில் கவனிப்பது? ஃபஸி முறைகள் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி சுருக்கமாக இது: முதுகலை ஆய்வுக்காக, ஜிலேபி கெண்டையும் கீரையும் ஒரே தண்ணீரில் சேர்த்து வளர்க்கும் ஓர் அக்வாபோனிக்ஸ் அமைப்பில், தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கும் ஏழு காரணிகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். கரைந்த ஆக்ஸிஜன், பி.எச்., வெப்பநிலை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், மின்கடத்துத்திறன் ஆகியவைதான் அந்த ஏழு. ஐந்து நிபுணர்களிடம் படிவம் கொடுத்து ஃபஸி ஏ.எச்.பி. முறையில் (காரணிகளை இரண்டிரண்டாக, தோராயத்துக்கும் இடம் விட்டு ஒப்பிடுவது) ஒவ்வொன்றின் முக்கியத்துவத்துக்கும் ஓர் எடை காணலாமா, அதற்கு மேல் மாற்று வழிகளை வரிசைப்படுத்தும் ஃபஸி டாப்சிஸும் தேவையா, வந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

செய்யலாம். ஆனால் எந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள், அதைவிட முக்கியமாகப் படிவத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறும். ஒரு நிபுணர் சொன்ன அதே மூன்று ஒப்பீடுகளை வைத்து, பரவலாகப் பயன்படும் இரண்டு ஃபஸி முறைகளில் கணக்குப் போட்டால், ஒன்றில் நைட்ரேட்டுக்கு 0.107 எடை வருகிறது. இன்னொன்றில் பூஜ்யம் வருகிறது. அந்தக் கணக்கைக் கீழே முழுதாகப் போட்டிருக்கிறேன். அதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போடும் எடை எதற்கும் உதவாது.

அக்வாபோனிக்ஸில் ஒரே தண்ணீரை மூன்று உயிர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன: மீன், செடி, நடுவில் பாக்டீரியா. தீவனத்தில் இருக்கும் புரதம் மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அதை நைட்ரைட்டாக்குகின்றன, நைட்ரோஸ்பைராவும் நைட்ரோபாக்டரும் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன, அதைச் செடி எடுத்துக்கொள்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதிகம் கவனிக்கப்படாதது இதன் செலவு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்ஸிஜன் தேவை. அதோடு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும் (பி.எச். சரியாமல் தாங்கும் திறன்) தீர்ந்துபோகிறது. அதாவது பாக்டீரியா நன்றாக வேலை செய்யச் செய்ய மீனுக்கான ஆக்ஸிஜனில் பங்கு கேட்கிறது, பி.எச்.சையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கிறது. உங்கள் ஏழில் காரத்தன்மை இல்லை. மின்கடத்துத்திறனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரத்தன்மையைச் சேர்க்கச் சொல்வேன். மின்கடத்துத்திறன் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் எது பொட்டாசியம், எது வேண்டாத சோடியம் என்று பிரித்துச் சொல்லாது.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு, மூன்று உயிர்களுக்கும் சேர்த்துச் சமரச எல்லைகளைத் தருகிறது: வெப்பநிலை 18 முதல் 30 டிகிரி செல்சியஸ், பி.எச். 6 முதல் 7, அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே, நைட்ரேட் 5 முதல் 150 மில்லிகிராம், கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்கு மேலே. இந்த எண்களைச் சும்மா பட்டியலாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. நைட்ரேட்டுக்கு முப்பது மடங்கு அகலமான இடம் இருக்கிறது. பி.எச்.சுக்கு ஒரே ஓர் அலகு. ஆக்ஸிஜனுக்கு ஒரு தரை மட்டும்தான். அதற்குக் கீழே போகவே கூடாது. நிபுணர்கள் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே முன்னுரிமை பற்றிப் பாதிச் செய்தி இதில் இருக்கிறது.

மீதிப் பாதி, நீண்ட காலம் ஓடிய அமைப்புகளின் நடைமுறையில் இருக்கிறது. கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவில், விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அமைப்பைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் ஒப்பீட்டுக்கு எடுப்பார்கள். தலா 7,800 லிட்டர் கொள்ளும் நான்கு மீன் தொட்டிகள், மிதவைகளில் செடி வளர 214 சதுர மீட்டர் பரப்பு, மொத்தம் சுமார் 1,10,000 லிட்டர் தண்ணீர். அங்கே முதலில் பிடித்துக்கொண்டது நைட்ரேட்டை இல்லை. செடிப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நைட்ரேட் பெரும்பாலும் அதன் பின்னால் வந்தது. பி.எச். குறையும்போது கால்சியம் ஹைட்ராக்ஸைடையும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடையும் மாற்றி மாற்றிச் சேர்த்து 7-ஐ ஒட்டி வைத்தார்கள். மீன் தீவனத்தில் செடிக்குப் போதாமல் இருக்கும் கால்சியமும் பொட்டாசியமும் அதே கையோடு கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. செடிக்குக் குறையும் இரும்பை, கரைந்தே இருக்கும் சீலேட் வடிவில், மூன்று வாரத்துக்கு ஒரு முறை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்தார்கள்.

இதில் பார்க்க வேண்டியது நேர அளவு. மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் காற்று நின்றால் சில மணி நேரத்துக்குள் மீன் போய்விடும், வெயில் நாளில் இன்னும் சீக்கிரம். பாக்டீரியா படுத்துவிட்டால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏற நாட்கள் ஆகும். காரத்தன்மை தீர்ந்து பி.எச். சரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். இரும்பு போதாவிட்டால் இளம் இலை மஞ்சளாகி நமக்குச் சொல்ல அதற்கும் மேல் ஆகும். எல்லாமே முக்கியம்தான். ஆனால் 'முக்கியம்' என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபட்ட வேகங்கள் அடங்கியிருக்கின்றன.

படிவத்தில் 'ஆக்ஸிஜன் முக்கியமா, நைட்ரேட் முக்கியமா?' என்று மட்டும் கேட்டால், மீன்வளம் படித்தவர் மீன் பிழைக்குமா என்று யோசித்துப் பதில் சொல்வார். தோட்டக்கலைக்காரர் விளைச்சலை நினைப்பார். பண்ணை நடத்துபவர் எதைச் சரிசெய்யக் காசு அதிகம் ஆகும் என்று பார்ப்பார். மூவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள், நீங்கள் அதை ஒரே அணியில் (எண் அட்டவணையில்) அடைத்திருப்பீர்கள். பிறகு எந்தக் கணிதமும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் கேள்வியை இப்படி எழுதுங்கள்: 'இந்த இரண்டில் ஒன்று மட்டும் இன்றிரவு ஏற்ற எல்லையை விட்டு வெளியே போகிறது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் எதனால் இழப்பு அதிகமாக இருக்கும்?' அது எவ்வளவு அடிக்கடி நடக்கும், சரிசெய்ய என்ன ஆகும் என்பவற்றைத் தனிக் கேள்விகளாக வையுங்கள். ஒரு வாரம் என்பதை ஒரு பயிர்க்காலம் என்று மாற்றினால் வரிசையே வேறாக வரும். எந்தக் கால அளவை எடுத்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, இப்போது ஃபஸி. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஸாதே 1965-இல் ஃபஸி கணங்களை அறிமுகப்படுத்தினார். ஒரு பொருள் ஒரு கூட்டத்தில் இருக்கிறது அல்லது இல்லை என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு தூரம் சேரும் என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் சொல்லலாம் என்பது அடிப்படை. தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏ.எச்.பி. முறை, காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பிட்டு எடை காண்கிறது. 'கொஞ்சம் அதிக முக்கியம்' என்பதற்கு அதில் 3. அந்த மூன்றை, 'மூன்றுதான், ஆனால் இரண்டாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம்' என்று 2, 3, 4 என்ற முக்கோண எண்ணாக எழுதினால் அது ஃபஸி ஏ.எச்.பி. 1983-இல் வான் லார்ஹோவன், பெட்ரிச் இருவரும் இதைத் தொடங்கிவைத்தார்கள். 1985-இல் பக்லி பெருக்கல் சராசரியைக் கொண்டு எளிமையாக்கினார். எக்செல் தாளிலேயே செய்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு மூன்று காரணிகள் போதும்: ஆக்ஸிஜன், பி.எச்., நைட்ரேட். ஒரு நிபுணர் சொல்கிறார்: ஆக்ஸிஜன் பி.எச்.சைவிடக் கொஞ்சம் அதிகம் (2, 3, 4), ஆக்ஸிஜன் நைட்ரேட்டைவிட நிறைய அதிகம் (4, 5, 6), பி.எச். நைட்ரேட்டைவிடக் கொஞ்சம் அதிகம் (2, 3, 4). எதிர்த்திசை ஒப்பீடுகளுக்குத் தலைகீழ் எண்கள், வரிசையையும் திருப்பிப் போட வேண்டும்: பி.எச். எதிர் ஆக்ஸிஜன் 1/4, 1/3, 1/2.

முதலில் ஒத்திசைவைப் பாருங்கள், அதாவது நிபுணரின் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று. நடு எண்களான 3, 5, 3-ஐ மட்டும் வைத்துச் சாட்டியின் ஒத்திசைவு விகிதம் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.033 வரும். 0.10-க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை, சரியாக இருக்கிறது. இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேராக ஃபஸிக்குப் போகும் ஆய்வேடுகள் உண்டு. முரண்பட்ட பதில்களை முக்கோணமாக்கினால் முரண் மறைந்துவிடாது.

அடுத்து ஒவ்வொரு வரிசையிலும் உள்ள எண்களைப் பெருக்கிக் கனமூலம் எடுக்க வேண்டும். ஆக்ஸிஜனுக்குக் கீழ் எண்கள் 1, 2, 4. பெருக்கினால் 8, கனமூலம் 2. நடுவில் 15-இன் கனமூலம் 2.466, மேலே 24-இன் கனமூலம் 2.884. இதே போல பி.எச்.சுக்கு 0.794, 1, 1.260. நைட்ரேட்டுக்கு 0.347, 0.405, 0.5. கூட்டுத்தொகை 3.140, 3.872, 4.644. எடை காண, கீழ் எண்ணை மேல் கூட்டுத்தொகையாலும், நடு எண்ணை நடுவாலும், மேல் எண்ணைக் கீழ்க் கூட்டுத்தொகையாலும் வகுக்க வேண்டும். கிடைப்பவை:

ஆக்ஸிஜன்: 0.431, 0.637, 0.919
பி.எச்.: 0.171, 0.258, 0.401
நைட்ரேட்: 0.075, 0.105, 0.159

ஒவ்வொன்றின் மூன்று எண்களையும் சராசரி எடுத்து, மொத்தம் 1 ஆகும்படி சரிசெய்தால் இறுதி எடை 0.630, 0.263, 0.107.

இப்போது ஒரு விஷயம். ஃபஸியே இல்லாமல், வெறும் 3, 5, 3-ஐ வைத்துப் பழைய ஏ.எச்.பி. போட்டிருந்தால் வந்திருப்பது நடு எண்கள்தான்: 0.637, 0.258, 0.105. வேறுபாடு மூன்றாம் தசம இடத்தில். இவ்வளவு உழைத்தது இதற்குத்தானா என்று கேட்கத் தோன்றும், அந்தக் கேள்வி நியாயமானது. சாட்டியே கடைசிவரை இந்த இணைப்பை ஏற்கவில்லை. நிபுணரின் மதிப்பீடு ஏற்கெனவே தோராயமானதுதான், அதை மறுபடி ஃபஸியாக்குவதால் முடிவு மேம்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2007-இல் டிரான் என்பவரோடு சேர்ந்து எழுதினார். இறுதி எடையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி.

நான் ஃபஸியை ஆதரிப்பது வேறு காரணத்துக்காக. மேலே உள்ள மூன்று வரிகளைத் திரும்பப் பாருங்கள். ஆக்ஸிஜனின் கீழ் எல்லை 0.431, பி.எச்.சின் மேல் எல்லை 0.401. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. ஆக, நிபுணர் கொஞ்சம் தயங்கினாலும் ஆக்ஸிஜன்தான் முதலிடம். பி.எச்.சின் கீழ் எல்லை 0.171, நைட்ரேட்டின் மேல் எல்லை 0.159. இங்கேயும் ஏறவில்லை, ஆனால் இடைவெளி மயிரிழை. முதலிடம் உறுதி, இரண்டாம் இடம் அவ்வளவு உறுதி இல்லை என்ற செய்தி இந்த அகலத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இறுதி எடையை எடுத்துக்கொண்டு அகலத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஃபஸி போட்டதற்கே பொருள் இல்லை.

அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 3 என்பதை 2, 3, 4 என்று எழுதாமல், பலரும் எழுதுவது போல 1, 3, 5 என்றும், 5-ஐ 3, 5, 7 என்றும் எழுதினால், ஆக்ஸிஜனின் கீழ் எல்லை 0.254-க்கு இறங்குகிறது, பி.எச்.சின் மேல் எல்லை 0.733-க்கு ஏறுகிறது. உறுதியாக இருந்த முதலிடமும் ஆட்டம் காண்கிறது. நிபுணர் சொன்ன வார்த்தை மாறவில்லை, நாம் போட்ட அட்டவணைதான் மாறியது. (கீழ் எண்ணை மேல் கூட்டுத்தொகையால் வகுக்கும் இந்த எளிய முறை அகலத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.) அதனால் அகலத்தை ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எடுக்காமல் நிபுணரிடமே கேட்டு வாங்குங்கள்: 'குறைந்தபட்சம் எத்தனை மடங்கு, அதிகபட்சம் எத்தனை மடங்கு, பெரும்பாலும் எத்தனை?' நேரம் கூடுதலாக ஆகும். ஏழு காரணிகளுக்கு 21 ஒப்பீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். ஆனாலும் இந்த ஆய்வில் மிக அதிக மதிப்புள்ள தரவு அதுவாகத்தான் இருக்கும்.

பூஜ்யம் வந்த கதைக்கு வருகிறேன். 1996-இல் சாங் முன்வைத்த ஒரு முறை இருக்கிறது. வரிசைக் கூட்டுத்தொகைகளை எடுத்து, ஒரு முக்கோணம் இன்னொன்றைவிடப் பெரிதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒப்பிடும். செய்ய எளிது, அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் எங்கும் இதுதான். நம் எடுத்துக்காட்டை அதில் போட்டால் மூன்று முக்கோணங்கள் வருகின்றன: ஆக்ஸிஜன் 0.384, 0.605, 0.943; பி.எச். 0.178, 0.291, 0.471; நைட்ரேட் 0.078, 0.103, 0.150. நைட்ரேட்டின் உச்சி ஆக்ஸிஜனின் அடியைத் தொடவே இல்லை. அதனால் அதன் எடை பூஜ்யம். பி.எச். 0.179, ஆக்ஸிஜன் 0.821. செடியின் முக்கிய நைட்ரஜன் உணவுக்கு எடையே கிடையாது என்று ஒரு கணக்கு சொல்கிறது! 2008-இல் வாங், லுவோ, ஹுவா மூவரும் இந்தக் குறையை விரிவாகவே காட்டினார்கள்: இந்த முறை தருவது ஒன்று மற்றொன்றைவிடப் பெரிதாக இருக்கும் வாய்ப்பைத்தான், ஒவ்வொன்றின் பங்கை இல்லை, அதை எடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் தரத்தில் இது மிகவும் ஆபத்து, ஏனென்றால் பூஜ்யம் வாங்கிய காரணி அடுத்த கட்டக் கணக்கில் இருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பக்லி முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி சாங் முறைதான் வேண்டும் என்றால் இரண்டையும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஐந்து நிபுணர்களின் பதில்களைச் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல். பெருக்கல் சராசரி எடுப்பது வழக்கம். மீன்வள நிபுணர் பி.எச்.சைவிட அம்மோனியா 5 மடங்கு என்கிறார், தோட்டக்கலை நிபுணர் அம்மோனியாவைவிடப் பி.எச். 5 மடங்கு என்கிறார் என்று வையுங்கள். 5-க்கும் 1/5-க்கும் பெருக்கல் சராசரி 1. அதாவது 'இரண்டும் சமம்' என்று இருவருமே சொல்லாத ஒரு பதிலைப் பதிவு செய்கிறோம். ஃபஸி எண் தாங்குவது ஒருவருடைய வார்த்தையில் இருக்கும் தெளிவின்மையை. இருவருக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு வேறு வகையானது. அக்வாபோனிக்ஸில் அந்த வேறுபாடு உண்மையானது, ஏனென்றால் மீனும் செடியும் உண்மையிலேயே வேறுவேறு தண்ணீரைக் கேட்கின்றன. செடிக்குப் பி.எச். 5.5 முதல் 6.5 வரை பிடிக்கும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா 7-க்கு மேலே சுறுசுறுப்பாக இருக்கும். மீன் தரப்பு எடை, செடி தரப்பு எடை என்று இரண்டு பட்டியலாகவே கொடுங்கள். எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்பது ஒற்றைப் பட்டியலைவிடப் பண்ணைக்காரருக்கு அதிகம் பயன்படும்.

அடுத்தது, காரணிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது. ஏ.எச்.பி. முறைக்குக் காரணிகள் தனித்தனியாக இருக்க வேண்டும். இங்கே எதுவும் தனியாக இல்லை. டெஸ்ட் கிட் காட்டும் அம்மோனியாவில் மீனுக்கு நஞ்சாவது அயனியாகாத பகுதிதான். 25 டிகிரியில், பி.எச். 7-இல் அது மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதம், 8-இல் 5.4 சதவீதம், 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அப்படியிருக்க 'அம்மோனியா முக்கியமா, பி.எச். முக்கியமா' என்பதற்கு நிபுணர் என்ன சொல்வார்? பி.எச். எவ்வளவு என்று திருப்பிக் கேட்பார். வெப்பநிலையும் அப்படித்தான். 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை பிடிக்கும், 30 டிகிரியில் 7.5 தான், அதே நேரம் சூட்டில் மீனின் தேவை கூடுகிறது.

இதற்கு டெமடெல் முறை பொருந்தும். 1970-களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் இருந்த பாட்டெல் ஆய்வு நிலையத்தில் உருவானது. 'எது முக்கியம்' என்று கேட்காமல் 'இது அதை எவ்வளவு பாதிக்கிறது' என்று 0 முதல் 4 வரை கேட்கும். அந்த அணியைச் சீராக்கி, மறைமுகப் பாதிப்புகளையும் கூட்டினால் ஒவ்வொரு காரணிக்கும் இரண்டு எண் கிடைக்கும்: மொத்த ஈடுபாடு, காரணமா விளைவா என்பதைக் காட்டும் வித்தியாசம். நிபுணரிடம் இந்தக் கேள்வி கேட்பது எளிது, ஏனென்றால் இது வேதியியல் பற்றிய கேள்வி, விருப்பம் பற்றியது இல்லை. தீவன அளவையும் எட்டாவது காரணியாகச் சேர்த்துப் பாருங்கள். தீவனமும் வெப்பநிலையும் காரணப் பக்கம் போய் நிற்கும், நைட்ரைட்டும் நைட்ரேட்டும் விளைவுப் பக்கம் வரும் என்று எதிர்பார்க்கலாம். விளைவுப் பக்கம் இருப்பதை அளக்க வேண்டும், காரணப் பக்கம் இருப்பதைக் கையில் பிடிக்க வேண்டும். உங்கள் தலைப்புக்கு ஏ.எச்.பி.யைவிட இது நெருக்கமானது என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துச் செய்ய நேரம் இல்லை என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏ.எச்.பி.தான் என்று முடிவானால் குறைந்தபட்சம் 'மொத்த அம்மோனியா' என்பதை 'அயனியாகாத அம்மோனியா' என்று மாற்றுங்கள். சார்பில் ஒரு பகுதியாவது அளவீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

எடையை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. எடைகளால் பெருக்கிக் கூட்டி 'தண்ணீர் தரக் குறியீடு' ஒன்றைத் தயாரிப்பது வழக்கம். ஏழு காரணிகளில் ஆக்ஸிஜனுக்கு 0.30 எடை என்று வைத்துக்கொள்வோம். காற்று நின்று ஆக்ஸிஜன் மதிப்பெண் பூஜ்யமாகி, மற்ற ஆறும் முழு மதிப்பெண் வாங்கினால் குறியீடு 70 காட்டும். திரையில் 'நன்று' என்று வரும், தொட்டியில் மீன் செத்துக்கொண்டிருக்கும். கூட்டல் முறையில் ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை ஈடுகட்டும். உயிர் அப்படி ஈடுகட்டாது.

இதற்கான மருந்து ஃபஸி கோட்பாட்டிலேயே இருக்கிறது, எடை கூட்டும் பழக்கத்தில் மறந்துபோனது. 1970-இல் ரிச்சர்ட் பெல்மனும் ஸாதேயும் எழுதிய கட்டுரையில், முடிவு என்பது எல்லா இலக்குகளும் கட்டுப்பாடுகளும் ஒன்றாகப் பொருந்தும் இடம் என்றார்கள். அதற்குக் கணக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு நிறைவேறியது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் திருப்தி அளவுகளில் மிகச் சிறியதை எடுப்பது. பின்னர் 1970-களிலேயே ரொனால்ட் யேகர், எடையை அடுக்காகப் போடும் வழியைச் சேர்த்தார். காரணிகள் மூன்று என்பதால் நம் எடைகளை மூன்றால் பெருக்கினால் அடுக்குகள்: ஆக்ஸிஜன் 1.89, பி.எச். 0.79, நைட்ரேட் 0.32. ஜிலேபி கெண்டைக்கு ஆக்ஸிஜன் 3 மில்லிகிராமில் திருப்தி 0 என்றும் 5 மில்லிகிராமில் 1 என்றும் நேர்கோடாக வைத்தால், 4 மில்லிகிராமில் 0.5. அதை 1.89 அடுக்குக்கு உயர்த்தினால் 0.27 ஆகச் சுருங்குகிறது. பி.எச்.சின் அரைத் திருப்தி 0.58 ஆகிறது, நைட்ரேட்டின் அரைத் திருப்தி 0.80 ஆக மேலே போகிறது. மிகச் சிறியதை எடுத்தால் 0.27. ஆக்ஸிஜன் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம், வேறு எதுவும் காப்பாற்றாது. எடையும் தன் வேலையைச் செய்கிறது, தரையும் தரையாகவே இருக்கிறது. எச்சரிக்கை மணிக்கு இந்தக் கணக்கையும், எந்த உணரியை முதலில் வாங்குவது என்பது போன்ற திட்டமிடலுக்குக் கூட்டல் எடையையும் வைத்துக்கொண்டால் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்.

என் வரிசை என்ன என்று நிச்சயம் கேட்பீர்கள். ஜிலேபி கெண்டையும் கீரை வகையும் மிதவையில் வளரும் அமைப்புக்கு, ஒரு வார இழப்பு என்ற கேள்விக்கு: ஆக்ஸிஜன், அயனியாகாத அம்மோனியா, நைட்ரைட், பி.எச். என்று தொடங்குவேன். ஒரு பயிர்க்காலம் என்று கேட்டால் காரத்தன்மையும் பி.எச்.சும் சேர்ந்து ஆக்ஸிஜனுக்கு அடுத்த இடத்துக்கு ஏறும், இரும்பு பட்டியலுக்குள் வரும். நைட்ரேட் இரண்டிலும் கீழேதான் நிற்கும், தீவன விகிதம் சரியாக இருக்கும் வரை. நைட்ரைட் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்ஸிஜன் சுமக்க முடியாமல் செய்யும் என்பதால் மேலே வைத்தேன். தண்ணீரில் குளோரைடு போதுமான அளவு இருந்தால் அது செவுளில் நைட்ரைட்டைத் தடுக்கும், அப்போது ஓரிடம் கீழே இறக்கலாம்.

இடத்துக்கு இடம் இது மாறும். தமிழ்நாட்டில் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை அதிகம். பி.எச். 8-ஐ விட்டு இறங்கவே இறங்காது. அங்கே செயின்ட் குரோயில் இருந்த கவலைக்கு நேர் எதிரான கவலை: இரும்பு கரையாமல் படிந்துவிடும், அதே அளவு அம்மோனியாவில் நச்சுப் பகுதி பி.எச். 7-ஐவிட ஒன்பது மடங்குக்கும் மேல் இருக்கும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், ஆக்ஸிஜன் 'எவ்வளவு அடிக்கடி' என்ற கேள்வியிலும் முதலிடத்துக்கு வரும். ஆகவே வேறு ஊரில் வேறு தண்ணீரில் எடுத்த எடைகளை அப்படியே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். நிபுணர்களுக்கு அனுப்பும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே மூலத் தண்ணீரின் பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, மீன் அடர்த்தி, தினசரித் தீவனம், மின்சார நிலைமை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். எல்லோரும் ஒரே தொட்டியை மனத்தில் வைத்துப் பதில் சொல்வார்கள்.

கடைசியாக டாப்சிஸ். 1981-இல் ஹ்வாங், யூன் இருவரும் உருவாக்கிய இந்த முறை, மாற்று வழிகளை வரிசைப்படுத்துவதற்கானது. சிறந்த நிலைக்கு எது அருகில், மோசமான நிலைக்கு எது தொலைவில் என்று பார்க்கும். காரணிகளை மட்டும் வரிசைப்படுத்துவதுதான் ஆய்வு என்றால் உங்களுக்கு இது வேண்டாம், எடையோடு வேலை முடிந்தது. கையில் இருக்கும் பணத்தை ஏர் பம்புக்கு இன்வெர்ட்டர் வாங்கச் செலவிடுவதா, பாக்டீரியா வளரக் கூடுதல் ஊடகம் போடுவதா, பி.எச். சரிசெய்யும் கருவி வைப்பதா என்று மூன்று வழிகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அது பொருத்தமானது. அதுவும் ஈடுகட்டும் முறைதான் என்பதால், மின்சாரம் போகும் நேரத்தில் ஆக்ஸிஜனை 3 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்க முடியாத வழிகளை முதலிலேயே நீக்கிவிட்டு, மிச்சம் இருப்பவற்றை மட்டும் டாப்சிஸுக்குக் கொடுங்கள்.